கேஸ் வந்தும் விறகு ஏன் எரிகிறது? சமையலறை ஆய்வு செய்வோருக்கான கேள்வி பதில்கள்

சமூகப்பணி, பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல், பொறியியல் என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும், ஒரு புது அடுப்பு வீட்டுக்குள் போனபின் என்ன ஆகிறது என்று ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. களத்துக்குப் போகும் மாணவர்களையும் தொண்டு நிறுவனப் பணியாளர்களையும் மனத்தில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

வீட்டுக்கு வீடு கேஸ் கொடுத்தாயிற்று. இனி இதில் ஆராய என்ன இருக்கிறது?

எத்தனை பேருக்கு இணைப்பு கொடுத்தோம் என்பது கொடுத்தவர் கணக்கு. அந்த அடுப்பில் என்ன வெந்தது, பழைய அடுப்பு அணைந்ததா என்பது வேறு கணக்கு. உடல்நலமும் விறகுச் செலவும் பெண்களின் நேரமும் இந்த இரண்டாவது கணக்கைப் பொறுத்தே மாறும்.

ஏழைக் குடும்பங்களுக்குக் கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கியது. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்பு என்ற இலக்கை எட்டியது. ஆனால் அரசின் சொந்தக் கணக்குப்படி, உஜ்வலா குடும்பம் ஒன்று 2019-20இல் சராசரியாக வாங்கிய 14.2 கிலோ சிலிண்டர்கள் 3 மட்டுமே. 2023-24இலும் இது 4-ஐத் தொடவில்லை. மூன்று வேளையும் கேஸிலேயே சமைக்கும் ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு இது போதாது. மீதி வேளைகளில் அந்த வீட்டில் எது எரிகிறது என்பதுதான் ஆய்வுக் கேள்வி.

2018இல் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் எடுத்த ஓர் ஆய்வில், கேஸ் வைத்திருந்த வீடுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு விறகையோ வரட்டியையோ ஓரளவாவது எரித்துக்கொண்டுதான் இருந்தன. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பும் எரிவது விதிவிலக்கு இல்லை, அதுதான் வழக்கம். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு கேள்வித்தாளை வடிவமைப்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதற்கு முன் வந்த புகையில்லா அடுப்புகள் என்ன ஆயின?

1980களின் தொடக்கத்திலிருந்து 2002 வரை மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை நடத்தியது. சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் கட்டப்பட்டன. ஆய்வகத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய அடுப்புகள் வீடுகளில் விரிசல் விட்டன, புகைபோக்கி அடைத்துக்கொண்டது, பெரிய பானை உட்காரவில்லை. கட்டிக் கொடுத்த எண்ணிக்கையை வைத்தே திட்டம் அளக்கப்பட்டதால், பழுது பார்க்க யாருக்கும் பொறுப்பு இருக்கவில்லை.

பிறகு ஒடிசாவில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமா ஹன்னா ஆகிய பொருளியலாளர்கள் மூவரும் கிராம் விகாஸ் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து 44 கிராமங்களில், ஏறத்தாழ 2,600 குடும்பங்களிடம், குலுக்கல் முறையில் புகைபோக்கி அடுப்பு கொடுத்து நான்கு ஆண்டுவரை பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர் உள்ளிழுத்த புகை குறைந்தது. அதன்பின் அந்தக் குறைவு மறைந்துவிட்டது. நுரையீரல் திறனிலும் மாற்றமில்லை, விறகுச் செலவிலும் மாற்றமில்லை. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை, காலம் போகப் போகப் பயன்பாடே தேய்ந்தது என்பதுதான் காரணம். ஆறு மாதத்தில் ஆய்வை முடித்திருந்தால் வெற்றி என்றே அறிக்கை வந்திருக்கும். பின்தொடரும் காலத்தைச் சுருக்குபவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

வீட்டில் நேரடியாகக் கேட்டால் போதாதா? எதற்குக் கருவி?

கேட்பது அவசியம். கேட்டது மட்டும் போதாது. அடுப்பைக் கொடுத்த அமைப்பின் ஆள் வந்து “பயன்படுத்துகிறீர்களா?” என்று கேட்டால், வீட்டுக்கு வந்தவர் முகம் வாடக்கூடாது என்றே பெரும்பாலோர் “ஆமாம், தினமும்” என்பார்கள். அது பொய் சொல்லும் எண்ணத்தில் வருவதில்லை, உபசரிப்பில் வருவது. ருவாண்டாவிலும் சூடானின் டார்ஃபூரிலும் வாய்மொழியையும், அடுப்பில் ஒட்டிய சென்சாரின் பதிவையும் ஒப்பிட்ட ஆய்வுகள் இரண்டிலும், புது அடுப்பின் பயன்பாட்டை மக்கள் உண்மையைவிடக் கூட்டியே சொன்னது தெரியவந்தது.

சென்சாருக்கும் ஒரு குறை உண்டு. தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் முதல் ஓரிரு வாரம் நடத்தை மாறும். அதனால் குறைந்தது முதல் ஒரு வாரப் பதிவைத் தனியே பிரித்துப் பாருங்கள். அந்த வாரத்தில் மட்டும் கேஸ் பயன்பாடு தூக்கலாக இருந்தால், பகுப்பாய்வில் அதைச் சேர்க்காமல் விட்டு, விட்டதை அறிக்கையிலும் எழுதிவிடுங்கள்.

அப்படியானால் கேள்வியை எப்படிக் கேட்பது?

“கேஸா விறகா?” என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வந்து கதவு சாத்திக்கொள்ளும். நேற்றைய நாளை நேர வரிசையில் கேளுங்கள். “அக்கா, நேத்து எழுந்ததும் முதல்ல எந்த அடுப்ப பத்த வச்சீங்க? அதுல என்ன வச்சீங்க? அடுத்து?” என்று படுக்கப் போகும்வரை போக வேண்டும். காபி, இட்லி, சோறு, குழம்பு என்று உணவு வரும். கேட்காவிட்டால் வராதவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும்: குளிக்க வெந்நீர், நெல் அவித்தல், மாட்டுக்குக் காய்ச்சியது, குழந்தைக்குத் தண்ணீர் சுடவைத்தது, விருந்தாளி வந்ததற்குச் செய்தது.

“வழக்கமாக” என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். வழக்கமாக என்றால் தாம் எப்படி இருக்க விரும்புகிறோமோ அதைச் சொல்வார்கள். நேற்று என்றால் நடந்ததைச் சொல்வார்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்பது இதைவிட முக்கியம். குடும்பத் தலைவர் என்று பட்டியலில் இருப்பவருக்கு நேற்று எந்த அடுப்பு எரிந்தது என்பது பெரும்பாலும் தெரியாது. சமைத்தவரிடமே கேட்க வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தால், சமைப்பது மருமகளாகவும் பதில் சொல்வது மாமியாராகவும் இருக்கும். பெண் களப்பணியாளர் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து, வேலையோடு வேலையாகக் கேட்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும். சிலிண்டர் புக் செய்வது யார், பணம் தருவது யார், வண்டி வராத ஊரில் சிலிண்டரைத் தூக்கி வருவது யார் என்ற மூன்றையும் தனித்தனிக் கேள்விகளாக வையுங்கள். மூன்றுக்கும் மூன்று ஆள் பதிலாக வரும் வீடுகளில் சிலிண்டர் தீர்ந்தபின் அடுத்தது வர நாளாகும்.

சிலிண்டர் எத்தனை வாங்கினார்கள் என்று கேஸ் புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

மலிவான, நல்ல தடயம் அது. கேஸ் புத்தகத்தில் உள்ள தேதிகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் எண் படத்தில் விழாதபடி மறைத்துவிடுங்கள். இரண்டு சிலிண்டருக்கு இடையில் எத்தனை நாள் என்பதுதான் தேவையான எண்.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. வாங்கிய சிலிண்டர் அந்த வீட்டிலேயே எரிந்தது என்று புத்தகம் சொல்லாது. மகள் வீட்டுக்கோ டீக்கடைக்கோ போயிருக்கலாம். புது ஏஜென்சிகளில் புத்தகத்தில் எழுதுவதே இல்லை, குறுஞ்செய்தி மட்டும் வரும், அந்த எண்ணும் வெளியூரில் இருக்கும் மகனுடையதாக இருக்கும். மூன்றாவது, 2020ஆம் ஆண்டுக் கணக்கு. கொரோனா நிவாரணமாக உஜ்வலா குடும்பங்களுக்கு 3 சிலிண்டர் இலவசமாகத் தரப்பட்ட ஆண்டு அது. அந்த ஆண்டை மற்ற ஆண்டுகளோடு கலந்து சராசரி எடுத்தால் தவறான படம் கிடைக்கும்.

அடுப்பில் ஒட்டும் வெப்ப சென்சார் எது வாங்குவது?

ஐபட்டன் எனப்படும் பொத்தான் வடிவ லாகர்தான் (வெப்பத்தைத் தானே அளந்து பதிந்துகொள்ளும் கருவி) இந்தத் துறையில் நீண்டகாலமாகப் புழங்குகிறது. 17 மி.மீ. குறுக்களவு, துருப்பிடிக்காத உறை, உள்ளேயே பேட்டரி, கம்பி கிடையாது. எந்த மாடல் என்பதில் கவனம் தேவை. டி.எஸ்.1921ஜி மாடல் 85 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், 2,048 பதிவுகளை மட்டும் வைத்துக்கொள்ளும். டி.எஸ்.1922டி 125 டிகிரி வரை அளக்கும், அரை டிகிரித் துல்லியத்தில் 8,192 பதிவுகளை வைத்துக்கொள்ளும். விறகடுப்புக்கு இரண்டாவதுதான் பொருந்தும். முதலாவதை அறை வெப்பம் பார்க்கச் சுவரில் ஒட்டலாம்.

இன்னும் சூடான இடத்தில் அளக்க வேண்டுமென்றால், முனை மட்டும் அடுப்பருகே இருக்க, லாகர் பெட்டி தள்ளி இருக்கும்படியான தெர்மோகப்பிள் (கம்பி முனையால் வெப்பம் அளக்கும்) வகை வாங்க வேண்டும். விலை கூடுதல், கம்பியை எலி கடிக்கும், குழந்தை இழுக்கும். ஆனால் ஐபட்டன் வெந்து போகும் இடங்களில் வேறு வழியில்லை.

அதை எங்கே ஒட்ட வேண்டும்? பெரும்பாலான பதிவுகள் வீணாவது இங்கேதான் என்கிறார்களே?

உண்மைதான். ஒட்டும் இடம் இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும்: அடுப்பு எரியும்போது வெப்பம் தெளிவாக ஏற வேண்டும், ஆனால் கருவியின் உச்சவரம்பைத் தொடக் கூடாது. வரம்பைத் தாண்டினால் பேட்டரி கெடும், பதிவு பாதியில் நிற்கும். சில நேரம் எதுவுமே திரும்பக் கிடைக்காது.

மண் அடுப்பில், விறகு வைக்கும் வாய்க்கு எதிர்ப்புற வெளிச்சுவரில், தரையிலிருந்து பாதி உயரத்தில் தொடங்கிப் பாருங்கள். ஒரு முழுச் சமையல் நடக்கட்டும். உச்ச வெப்பம் 50க்கும் 90க்கும் இடையில் இருந்தால் நல்ல இடம். 110ஐத் தாண்டினால் கீழே இறக்குங்கள். 40க்குள் நின்றால் அடுப்பு வாய் பக்கமாகச் சற்று நகர்த்துங்கள். மண்ணுக்குள் புதைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. புதைத்தால் மெழுகும்போது கை படாது, ஆனால் மண் மணிக்கணக்கில் சூட்டை வைத்திருப்பதால் காலைச் சமையலும் மதியச் சமையலும் ஒரே மேடாகத் தெரியும். வெளியே ஒட்டினால் வெள்ளிக்கிழமை சாணம் மெழுகும்போது போய்விடும். ஒட்டும் அன்றே மெழுகும் நாள் எது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு மறுநாள் போய்ப் பாருங்கள்.

கேஸ் அடுப்பில் இரண்டு பர்னருக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். வீட்டில் பெரிய பர்னர் ஒன்றையே புழங்குவார்கள் என்று ஊகித்து ஒன்றில் மட்டும் வைத்தால், பால் காய்ச்சுவதும் தாளிப்பதும் பதிவாகாது. பர்னருக்குக் கீழே அடுப்பின் அடித்தட்டில், ரப்பர் குழாயிலிருந்து தள்ளி, வெப்பம் தாங்கும் டேப்பால் ஒட்டலாம். சாதாரண டேப் எண்ணெய்ப் பிசுக்கில் மூன்று நாள்கூட நிற்காது. ஒட்டும் இடத்தை முதலில் சோப்புத் துணியால் துடைத்துக் காயவிட வேண்டும்.

இவற்றோடு வீட்டுக்கு ஒரு சென்சார் சமையலறைச் சுவரில், அடுப்பிலிருந்து தள்ளி, நிழலில் இருக்கட்டும். கத்திரி வெயிலில் தகரக் கூரை வேய்ந்த சமையற்கட்டு தானாகவே 40 டிகிரியைத் தாண்டும். இந்தச் சுவர்ப் பதிவு இல்லாவிட்டால், மே மாத மதியம் முழுக்க அடுப்பு எரிந்ததாகக் கணினி கணக்குப் போடும்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்வது?

விறகடுப்புக்கு 10 நிமிடம் போதும். 8,192 பதிவு என்றால் 56 நாள் தாங்கும். கேஸுக்கு 5 நிமிடமோ அதற்குக் குறைவோ வைக்க வேண்டும், ஏனென்றால் டீ போடுவது 6, 7 நிமிட வேலை. 5 நிமிடத்தில் 28 நாள் வரும். அதற்குள் வீட்டுக்குப் போய்ப் பதிவை இறக்கியாக வேண்டும். மழை, தேர்தல், திருவிழா என்று தள்ளிப்போவதைக் கணக்கில் கொண்டு 21 நாளுக்கு ஒருமுறை என்று அட்டவணை போடுங்கள்.

தொடங்கும் முன் இரண்டைச் சரிபார்க்கவும். நினைவகம் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் எழுதும் அமைப்பு அணைந்திருக்க வேண்டும். மடிக்கணினியின் நேரம் இந்திய நேரத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டால், விடிகாலை 5 மணிச் சமையல் நள்ளிரவுச் சமையலாகப் பதிவாகியிருக்கும்.

பதிவிலிருந்து சமையலை எப்படிப் பிரித்தெடுப்பது?

அடுப்பு வெப்பத்திலிருந்து சுவர் வெப்பத்தைக் கழியுங்கள். மிச்சம் உயரும் வேகத்தைப் பாருங்கள். வேகமாக ஏறத் தொடங்கும் புள்ளி பற்றவைத்த நேரம். ஏற்றம் நின்று இறங்கத் தொடங்குவது ஏறக்குறைய அணைத்த நேரம். “40 டிகிரிக்கு மேல் இருந்தால் சமையல்” என்று ஒரே எண்ணை எல்லா வீட்டுக்கும் வைத்தால், மண் அடுப்பு ஆறும் நேரமெல்லாம் சமையல் நேரமாகக் கூடிவிடும்.

எந்த விதி வைத்தாலும் அதைச் சோதிக்க, குறைந்தது பத்து வீட்டில் ஒரு நாள் முழுக்க ஒருவர் உட்கார்ந்து, பற்றவைத்ததும் அணைத்ததும் கடிகாரம் பார்த்து எழுத வேண்டும். அந்தக் குறிப்போடு கணினி சொல்வது ஒத்துப்போகும்வரை விதியைத் திருத்துங்கள். ஒத்துப்போகாத வீடுகளின் வரைபடத்தைக் கண்ணால் பார்த்தால் காரணம் பெரும்பாலும் பிடிபடும்: சென்சார் விழுந்திருக்கும், அடுப்பை இடம் மாற்றியிருப்பார்கள், அல்லது பக்கத்து அடுப்பு மட்டும் எரிந்திருக்கும்.

சமையலறையில் விறகடுப்பே இல்லை, ஆனாலும் வீட்டில் புகை என்றால்?

வெளியே போய்ப் பாருங்கள். கொல்லையிலோ வாசல் ஓரத்திலோ மூன்று கல் வைத்த வெந்நீர் அடுப்பு இருக்கும். தமிழ்நாட்டில் சமையலுக்குக் கேஸுக்கு மாறிய பின்னும் பல வீடுகளில் குளிக்கும் தண்ணீர் விறகில்தான் காய்கிறது. தென்னை மட்டை, பன்னாடை, சீமைக்கருவேலச் சுள்ளி, பழைய காகிதம், சில வீடுகளில் பிளாஸ்டிக் கவர்கூட அதில் போகும். “சமையலுக்கு என்ன எரிபொருள்?” என்று மட்டும் கேட்கும் கணக்கெடுப்பில் இந்த அடுப்பு எங்குமே வராது. அதன் புகை காற்றடிக்கும் திசையைப் பொறுத்து வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுபவர் அதன் பக்கத்திலேயே நிற்பார்.

ஆகவே முதல் நாள் வேலை, அடுப்புக் கணக்கு. வீட்டைச் சுற்றி நடந்து எல்லா அடுப்பையும் எண்ணி, படம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஒவ்வொன்றிலும் சென்சார் வைக்க வேண்டும். புது அடுப்பில் மட்டும் சென்சார் வைக்கும் ஆய்வு, புது அடுப்பு எரிந்ததைச் சொல்லும்; பழையது அணைந்ததா என்று சொல்லாது. ஹரியானாவின் பல்வல் மாவட்டத்தில் விசிறி வைத்த அடுப்பைக் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குக் கொடுத்து இரண்டு அடுப்பிலும் சென்சார் வைத்த ஆய்வு ஒரு நல்ல முன்மாதிரி. நாள் ஆக ஆகப் புது அடுப்பின் பயன்பாடு சரிந்ததும், பழையது ஒழியாமல் தொடர்ந்ததும் அதனால்தான் கண்டறியப்பட்டன.

விறகுச் செலவை எப்படி அளப்பது?

விறகை எடை போட்டு, மீதியை எடை போட்டுக் கழிக்க வேண்டும். முதல் நாள் போய், வீட்டார் நான்கு நாளுக்குப் போதும் என்று நினைக்கும் விறகைத் தனியாக அடுக்கச் சொல்லி எடை போடுங்கள். அந்த அடுக்கிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த மூன்று நாளும் அதே நேரத்துக்குப் போய் மீதியை எடை போடுங்கள். புதிதாகச் சேர்த்திருந்தால் சேர்க்கும் முன்னரே எடை போட்டிருக்க வேண்டும். பண்டிகை, அமாவாசைப் படையல், துக்க நாள்களைத் தவிர்க்கவும்.

ஈரத்தைக் கழிக்காமல் எடையை ஒப்பிட முடியாது. ஊசி வைத்த ஈரமானியால் மூன்று கட்டைகளில், கட்டைக்கு மூன்று இடத்தில் குத்திச் சராசரி எடுங்கள். அந்தக் கருவி காட்டுவது காய்ந்த எடைக்கான விழுக்காடு. 25 என்று காட்டினால் மொத்த எடையில் ஈரம் 20 விழுக்காடு (0.25ஐ 1.25ஆல் வகுக்க வேண்டும்). நாளொன்றுக்கு 6 கிலோ எரித்த வீட்டில் உண்மையான உலர் விறகு 4.8 கிலோ.

பிறகு ஆள் கணக்கு. 15 முதல் 59 வயது ஆண் 1.0, அதற்கு மேற்பட்ட ஆண் 0.8, 14 வயதைத் தாண்டிய பெண் 0.8, குழந்தை 0.5 என்பது புழக்கத்தில் உள்ள அளவை. கணவன், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள் என்றால் 3.6. 4.8ஐ 3.6ஆல் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 1.33 கிலோ. பெண்ணுக்கு 0.8 என்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். வயல் வேலை செய்யும் பெண்ணும் ஆணுக்கு நிகராகச் சாப்பிடுகிறாள். மற்ற நாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட இந்த அளவையை வைத்துக்கொண்டு, தலைக்கு ஒன்று என்ற கணக்கையும் பக்கத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

சிலிண்டரை எடை போட 50 கிலோ தாங்கும், 10 கிராம்வரை காட்டும் தராசு வேண்டும். நிறைந்த சிலிண்டர் 30 கிலோவை ஒட்டி வரும், ஒரு நாள் செலவோ சில நூறு கிராம்தான். 100 கிராம் துல்லியமுள்ள தொங்கு தராசில் ஒரு நாள் வித்தியாசத்தைப் பார்ப்பது வீண். ரெகுலேட்டரோடு எடை போட்டால் எல்லா நாளும் ரெகுலேட்டரோடு போட வேண்டும்.

எத்தனை வீடு எடுத்தால் போதும்?

வீட்டுக்கு வீடு எரிபொருள் செலவு பெரிதும் மாறும். திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வீடுகள் விலகும் அளவு) சராசரியில் பாதியளவு இருப்பது சாதாரணம். இரண்டு குழுக்களுக்கு இடையே 25 விழுக்காடு வித்தியாசத்தை, வழக்கமான 5 விழுக்காடு பிழை அளவிலும் 80 விழுக்காடு திறனிலும் (உண்மையில் உள்ள வித்தியாசம் ஆய்வில் பிடிபடும் வாய்ப்பு) காண வேண்டுமென்றால் குழுவுக்கு 63 வீடு வேண்டும். 50 விழுக்காடு வித்தியாசம் என்றால் 16 போதும். ஊருக்குப் பத்து வீடு என்று கொத்தாக எடுத்தால், ஒரே ஊர் வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இந்த ஒப்புமையை அளக்கும் ஒற்றுமைக் கெழு 0.05 என்றால் 1.45ஆல் பெருக்கி, 63ஐ 92 ஆக்க வேண்டும். இடையில் விலகுவோருக்காக இன்னும் 15 முதல் 20 விழுக்காடு சேர்த்துக்கொள்ளவும்.

முதுகலை ஆய்வுக்கு இவ்வளவு முடியாது என்றால், 15 வீட்டை எடுத்து ஆண்டு முழுக்கப் பின்தொடருங்கள். மழைக்காலத்து ஈர விறகும், அறுவடைக் காலத்து வேலைப்பளுவும், பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்துப் பணமுடையும் எந்த அடுப்பை எரிய வைக்கின்றன என்பது ஒருநாள் சர்வேயில் 500 வீட்டுக்குப் போனாலும் கிடைக்காத செய்தி.

புகையை எப்படி அளப்பது? அறையிலா, ஆள்மேலா?

அறையில் வைப்பது எளிது. அடுப்பிலிருந்து 1 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.45 மீட்டர் உயரத்தில், கதவு சன்னலிலிருந்து ஒன்றரை மீட்டராவது விலகி. சிறிய சமையற்கட்டில் மூன்றும் ஒருங்கே கிடைக்காது. எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள், மறுமுறையும் அதே இடத்தில் வையுங்கள். ஆனால் சுவர் சுவாசிப்பதில்லை. சமைப்பவர் குனிந்து ஊதும் நேரம், வெளியே போகும் நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் அவர் உள்ளிழுக்கும் புகை. உடல்நலம் பற்றிப் பேச வேண்டுமென்றால் கருவி ஆள்மேல் இருக்க வேண்டும், மூக்குக்கு அருகே, பை வைத்த மேலங்கியில், 24 மணி நேரம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றி அருகிலேயே உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். கருவிக்குள் அசைவுமானி இருந்தால், உண்மையில் அணிந்திருந்தாரா அல்லது ஆணியிலேயே தொங்கியதா என்று பின்னர் பார்க்கலாம்.

மைக்ரான் அளவில் 2.5க்குக் கீழான துகள்களை, அதாவது பி.எம். 2.5ஐ, வடிகட்டித் தாளில் பிடித்து எடை போடுவதே நம்பகமான முறை. பம்ப் நிமிடத்துக்கு 1.5 லிட்டர் இழுத்தால் 24 மணி நேரத்தில் 2.16 கன மீட்டர் காற்று. வடிகட்டியின் எடை 151 மைக்ரோகிராம் கூடியிருந்தால் சராசரி கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய எடைக்கு விரல்ரேகைப் பிசுக்கே கணக்கைக் கெடுக்கும். பத்து வடிகட்டிக்கு ஒன்றையாவது களத்துக்குக் கொண்டுபோய், காற்று இழுக்காமலே திரும்பக் கொண்டுவந்து எடை போட வேண்டும். பம்பின் இழுவேகத்தை முன்னும் பின்னும் அளந்து, 10 விழுக்காட்டுக்கு மேல் மாறியிருந்தால் அந்த மாதிரியைக் கழித்துவிட வேண்டும்.

சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் ஒளிச்சிதறல் சென்சார்களை மட்டும் நம்பிச் சமையலறைக்குள் இறங்காதீர்கள். பற்றவைக்கும் நேரத்தில் புகை ஆயிரம் மைக்ரோகிராமைத் தாண்டும்போது அவை மேல்வரம்பில் முட்டி நிற்கும். ஐப்பசி ஈரத்தில் நீர்த்துளியையும் புகையாக எண்ணும். சில வீடுகளிலாவது வடிகட்டியோடு சேர்த்து வைத்துத் திருத்தக் காரணி கண்டுபிடித்தால் பயன்படும்.

தமிழ்நாட்டில் இப்படி முறையாக நடந்த பெரிய ஆய்வு உண்டா?

உண்டு. ஹேப்பின் என்ற பன்னாட்டு ஆய்வு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்தது. இந்தியக் களம் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு இங்கே நடத்தியது. நாட்டுக்கு 800 வீதம் 3,200 கர்ப்பிணிகள். பாதிப்பேருக்கு, குலுக்கலில், கேஸ் அடுப்பும் 18 மாதத்துக்கு இலவசமாகக் கேஸும் வீட்டுக்கே கொடுத்தார்கள். மற்றப் பாதி வழக்கம்போலச் சமைத்தது. மற்ற ஆய்வுகளில் தடையாக இருந்த விலையையும் விநியோகத்தையும் இதில் விலக்கிவிட்டார்கள் என்பதால்தான் இது தனித்து நிற்கிறது.

புகை குறைந்தது. கேஸ் குழுவில் பி.எம். 2.5இன் இடைநிலை அளவு 23.9 மைக்ரோகிராம், மற்றக் குழுவில் 70.7. ஆனால் 2022இல் வெளியான முடிவில், குழந்தையின் பிறப்பு எடை 2,921 கிராமும் 2,898 கிராமும். திருத்திய வித்தியாசம் ஏறத்தாழ 20 கிராம். புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாது. 2024இல் வெளியான குழந்தைகளின் கடும் நிமோனியா முடிவும் அப்படியே.

அப்படியென்றால் கேஸ் கொடுத்துப் பயனில்லை என்று ஆகிறதா?

இல்லை. அந்த வாசகத்தை இந்த முடிவு தாங்காது. அளந்தவை குறிப்பிட்ட சில விளைவுகள், குறிப்பிட்ட காலத்தில். கர்ப்பம் 9 வாரம் கடந்தபின்தான் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய புகையை எந்த அடுப்பாலும் திரும்ப எடுக்க முடியாது. 23.9 என்பதும் சுத்தமான காற்றில்லை: உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு 5 மைக்ரோகிராம்தான். தெருவில் மற்ற வீடெல்லாம் விறகு எரிக்க, ஒரு வீடு மட்டும் மாறினால் பக்கத்து வீட்டுப் புகை வரத்தான் செய்யும். ஊர் முழுக்க மாறினால் என்ன ஆகும் என்பதை வீடு வீடாகக் குலுக்கல் போடும் ஆய்வு வடிவம் காட்டாது. அதற்கு ஊரையே அலகாக எடுக்க வேண்டும்.

கண் எரிச்சல், விறகு பொறுக்கும் நேரம், பாத்திரம் கரி தேய்க்கும் உழைப்பு ஆகியவை பெண்கள் தாமாகவே முதலில் சொல்லும் பயன்கள். இவற்றை முதன்மை விளைவாக வைத்து முறையாக அளக்கும் ஆய்வுகள் மிகக் குறைவு. இளம் ஆய்வாளர்களுக்கு இங்கே நிறைய இடம் இருக்கிறது.

ஒப்புதல், நெறிமுறைக் குழு?

கருவி வைக்கும் முன்பே நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது ஆய்வைச் சாராத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் இருக்க வேண்டும். படிவம் வாய்விட்டுப் படித்தால் புரியும் தமிழில் இருக்கட்டும். “வெப்பநிலைத் தரவு சேகரிக்கப்படும்” என்பதைவிட “அடுப்பு எப்போது எரிகிறது என்று இந்தப் பொத்தான் குறித்துக்கொள்ளும், படமோ பேச்சோ பதியாது” என்பது தெளிவு. அடுப்பு எரியாத நாள் என்பது வீட்டில் ஆளில்லாத நாள், சில நேரம் சாப்பாடு இல்லாத நாள். அந்தப் பதிவை வீட்டு அடையாளத்தோடு யாரிடமும் காட்டக் கூடாது, ஊர்த் தலைவரிடமும் ஏஜென்சியிடமும்கூட.

போன வீட்டில் கேஸ் கசிந்தால்?

ஆய்வை நிறுத்துங்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து, 1906 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். தரையில் எரியும் விறகடுப்பு அதே அறையில் இருக்கும் வீட்டில் இது இரட்டை ஆபத்து. ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாளே குழாயில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள், 5 ஆண்டு கடந்திருந்தால் மாற்ற வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முடிவை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?

வேண்டும், சென்சாரைக் கழற்றும் அன்றே. அந்த வீட்டின் ஒரு வார வரைபடத்தை ஒரு தாளில் அச்சிட்டு, கேஸ் எரிந்த நேரம் நீலம், விறகு எரிந்த நேரம் சிவப்பு என்று வண்ணமிட்டு, சமைப்பவர் கையில் கொடுங்கள். “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏன் விறகு?” என்று அந்தத் தாளை வைத்துக் கேட்டால், கேள்வித்தாள் வாங்கித் தராத காரணங்கள் வரும். அதை எழுதிக்கொள்ள அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டுப் போங்கள். சென்சார் ஒட்டிய இடத்தில் பசை தங்கியிருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு வாருங்கள்.